பத்தொன்பதாயிரம் எழுத்து

திருநெல்வேலி, ஆய்வுகூடம், இரண்டாம் மாடி.
கரண்ட் போய் ஜெனரேற்றர் உறுமத் தொடங்குமுன்
ஏழு செக்கன் இருட்டு.
இமெல்டா உறைகுளிர்ப்பெட்டிக் கதவில் முதுகைச் சாய்த்து
எண்ணிக்கொண்டு நிற்பாள்,
குளிர் வெளிக்கிடாமல் தான்தான் மறிப்பதுபோல.

உள்ளே, நாற்பத்தோராம் குப்பியில்,
கன்னெலியக் காட்டுச் சருகுக்குள் கிள்ளி
ஐஸ்பெட்டியில் இரவுபஸ் ஏறி வந்த ஓர்க்கிட்.
இலை இல்லை. பச்சை இல்லை.
மெழுகு நிறத்தில் ஒரு தண்டு,
தலை கவிழ்ந்த ஐந்தாறு பூ.
நல்ல வெயிலைக் கண்டதென்றால்
காட்டுவாசலில் இருந்து பஸ்தரிப்பு மட்டும்தான்.

ஒப்பிட ஒரு பச்சை வேண்டும் என்று
வளாக வேலியோர வடலியில்
ஓலைத்துண்டு ஒன்று வெட்டிவந்தேன்.
கை கீறியது. அதையும் குறிப்பேட்டில் எழுதினேன்.

சியோலில் இருந்து மின்னஞ்சல் வந்தது மாசிக் கடைசியில்.
வடலியின் பச்சையவுருமணியில்
ஒன்றரை லட்சத்துக்கும் மேலே எழுத்துகள்.
ஓர்க்கிட்டின் வட்டத்தில்
பத்தொன்பதாயிரம், சொச்சம்.
"மிச்சம் வரேல்லைப்போல. திரும்ப அனுப்பச் சொல்லுங்கோ"
என்றாள் இமெல்டா.

மிச்சம் இல்லை.
ஒளியைப் பிடிக்கும் மரபணு இல்லை.
காற்றில் கரியைப் பொறுக்கும் மரபணு இல்லை.
சமையல் நின்ற வீட்டில் அடுப்போடு போகவில்லை எல்லாம்,
புகைக்கூடு போயிருக்கிறது, விறகுக்கொட்டில் போயிருக்கிறது,
நெருப்புப்பெட்டி வைத்த மாடத்தைக்கூடப்
பூசி மெழுகிவிட்டார்கள்.
கொழுப்பு காய்ச்ச ஒன்று,
பழுதானதை வெட்டி அள்ள ஒன்று,
வாசித்துச் சொல்ல ஒரு சிறு கூட்டம். அவ்வளவுதான் வீடு.

சாப்பாடு நிலத்தடியால் வருகிறது.
மயிரிலும் மெல்லிய பூஞ்சை இழை
உக்கிய மரத்தின் இனிப்பை
ஆருடைய கையெழுத்தும் இல்லாமல்
கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்.
எங்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது:
உண்டியல்.
லா கூர்னேவில் ஒரு மரக்கறிக்கடையில் யசோ அக்கா ஐரோ கொடுப்பாள்.
மறுநாள் கொக்குவில் ஒழுங்கையில்
ஹெல்மெற் கழற்றாத ஒருவர்
பத்துரூபாத் தாளின் இலக்கத்தைச் சரிபார்த்துக்
கட்டை நீட்டுவார். பற்றுச்சீட்டு இல்லை.
பதினெட்டு வருடம்.
நான் படித்தது அதில். கூரை மாற்றியது அதில்.
நிதி இழுபட்ட மாதம்
இந்தக் குப்பிகள் ஒரு பெட்டி வாங்கியதும் அதில்.

கட்டுரையின் முதல் பந்தியில் ஒரு சொல் இடறுகிறது.
இவ்வகைச் செடியைத் துறைக்காரர் ஏய்ப்பான் என்பார்கள்:
பூஞ்சைக்கு அது எதையும் திருப்பிக் கொடுத்ததாக
ஒருவரும் அளந்ததில்லை.
அளந்ததில்லை என்பது ஒரு வசனம்.
கொடுத்ததில்லை என்பது வேறு வசனம்.
மூன்று நாளாக அழித்து அழித்து எழுதுகிறேன்.

ஞாயிறு, வட்ஸ்அப்பில் அக்கா.
"என்னடி, இன்னும் அந்தப் பூவோ?"
சொன்னேன்: வெயில் வேண்டாத பூ,
சமைக்க மறந்த பூ.
சிரித்தாள். பின்னால் தட்டுகள் உரசும் சத்தம்.
"நான் நிக்கிற குசினி நிலக்கீழ்.
மாரியில விடியமுதல் இறங்கினால் இருண்டாப்பிறகுதான் ஏறுறது.
வெயிலைப் பற்றி எனக்குச் சொல்லாதை."
கொஞ்சநேரம் தண்ணீர் ஓடியது.
"சரி, அந்தப் பூஞ்சைக்கு ஆர் குடுக்கிறது?"

தெரியாது என்றேன்.
அதன் மரபணுவை நாங்கள் வாசிக்கவில்லை.
விண்ணப்பத்தில் அதற்கு ஒரு வரியும் கேட்கவில்லை.

இரவு மடிக்கணினியைத் திறந்தேன்.
செடியோடு பொருந்தாத துண்டுகளை
வடிகட்டி ஒதுக்கிய கோப்புறை ஒன்று,
பெயர்: மாசு.
நானே வைத்த பெயர்.
நாற்பது லட்சம் துண்டுகள்,
ஒன்றையும் இதுவரை திறந்ததில்லை.

முதலாவதைச் சொடுக்கினேன்.
கரண்ட் போனது.
ஒன்று, இரண்டு, மூன்று
என்று எண்ணிக்கொண்டு இருந்தேன்.
திரை மட்டும் அணையவில்லை:
வரி வரியாக,
ஓர்க்கிட் அல்லாத எழுத்து.